மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்: முன்பணம் கொடுத்த வீட்டை விட்டுவிடலாமா?

மதுரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அரசுப் பள்ளி ஆசிரியை. கணவர் தனியார் நிறுவனத்தில் கணக்கர். ஒன்பது வயதில் ஒரு மகள். அவளுக்கு அவ்வப்போது வீசிங் வரும். பல வருட வாடகை வாழ்க்கைக்குப் பிறகு, 1984-இல் கட்டிய ஒரு வீட்டை 62 லட்சத்துக்குப் பேசி முடித்திருக்கிறார்கள். 5 லட்சம் முன்பணம் கொடுத்து மூன்று மாதக் கெடுவில் ஒப்பந்தம் எழுதியாயிற்று. கெடு முடிய இன்னும் ஐந்து வாரம். கீழே கான்கிரீட் வீடு. மாடியில் உள்ள நீள அறைக்கும், பின்கட்டில் சமையலறையை ஒட்டிய சாய்ப்புக்கும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டிருக்கிறது. அந்த மாடி அறையில் டியூஷன் எடுக்கலாம் என்பது இவர் திட்டம்.

ஆஸ்திரேலியாவில் இருக்கும் சித்தி மகனுக்கு வீடியோ காலில் வீட்டைச் சுற்றிக் காட்டியிருக்கிறார். கூரையைப் பார்த்ததும் அவர், "அக்கா, அந்த வீட்டுக்குள்ள காலே வைக்காதீங்க. இங்கெல்லாம் விண்வெளிக்குப் போற மாதிரி டிரஸ் போட்டுக்கிட்டுத்தான் இதைத் தொடுவாங்க" என்று அலறிவிட்டார். தரகரோ, "பாதி ஊரு ஷீட்டுக்குக் கீழதான் தூங்குது, எல்லாரும் செத்தா போயிட்டாங்க?" என்கிறார். விற்பவர் நல்ல மனிதர்போல, "அதுக்கென்னம்மா, பத்திரம் முடியறதுக்குள்ள நம்ம ஆளு ரெண்டு பேரை விட்டு அரைநாள்ல இறக்கித் தர்றேன், காசே வேணாம்" என்கிறார். கணவர், தானும் தம்பியுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறிக் கழற்றிவிடலாம் என்கிறார். இதற்கிடையில் தாய்ப்பத்திரத்தில் 'ஏ.சி. ஷீட் கூரை' என்று இருப்பதைப் பார்த்து, அது ஆஸ்பெஸ்டாஸ் இல்லையோ என்று ஒரு நம்பிக்கை.

வாசகியின் கேள்விகள்: ஒப்பந்தத்தை ரத்து செய்து முன்பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா? இதை மறைத்ததற்காக விற்பவர்மீது வழக்குப் போடலாமா? வாங்கினால் குழந்தையோடு அங்கே குடியிருக்கலாமா?

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்த 'ஏ.சி.' விஷயத்தை முடித்துவிடுவோம். பத்திரத்தில் வரும் ஏ.சி. என்பது ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட்டின் சுருக்கம்தான். பழைய பத்திரங்களில் சிலர் ஏ.சி. ஷீட் என்பார்கள், சிலர் 'கல்நார் கூரை' என்று தமிழில் எழுதுவார்கள். எல்லாம் ஒன்றே. ஆஸ்பெஸ்டாஸ் கலக்காத நார் சிமென்ட் ஷீட்டுகள் இப்போது கிடைக்கின்றன, பார்வைக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்தக் காலத்து வீட்டில், பத்திரத்திலேயே ஏ.சி. ஷீட் என்று எழுதியிருக்கும்போது, சந்தேகப்பட எதுவும் இல்லை. துண்டு உடைத்துப் பரிசோதனைக்கு அனுப்புவதும் வீண் செலவு. ஆஸ்பெஸ்டாஸ்தான் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஆஸ்திரேலியாவிலிருந்து உங்கள் சித்தி மகன், அந்தத் தம்பி சொன்னது. அவர் பயப்படுவதில் தவறில்லை. ஆஸ்திரேலியாவில் 2003 டிசம்பர் 31 முதல் எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் முழுத் தடை. உங்கள் மாடி அளவுக்கு ஷீட் இருந்தால் உரிமம் பெற்றவர்தான் கழற்ற வேண்டும். பத்து சதுர மீட்டருக்கு மேல் போனாலே அந்த விதி வந்துவிடும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் சொல்கிற அந்த விண்வெளி உடையைப் போட்டுக்கொள்வது கழற்றுகிறவர்கள், குடியிருக்கிறவர்கள் இல்லை. அங்கேயும் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் சுவர் வைத்த பழைய வீடுகளில் இன்றும் குடும்பங்கள் இருக்கின்றன. உங்கள் கடிதத்தில் எல்லோரும் தலைக்கு மேல் இருக்கும் ஷீட்டைப் பற்றியே பேசுகிறார்கள். அது கீழே இறங்கும் நாளைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நான் கவலைப்படுவது அந்த ஒரு நாளைப் பற்றித்தான்.

ஏன் என்று சொல்கிறேன். ஷீட்டில் பெரும் பங்கு சிமென்ட்தான். பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் நார். சிமென்ட் அந்த நாரை இறுகப் பிடித்து வைத்திருக்கிறது. முழுசாக, அசையாமல் இருக்கும் ஷீட்டிலிருந்து காற்றில் வருவது மிகக் குறைவு. சுத்தியலால் தட்டும்போது, துளை போடும்போது, கட்டிங் மெஷின் வைக்கும்போதுதான் அந்தப் பிடி விட்டு நார் தூசியாகப் பறக்கிறது. உடைந்த ஷீட்டின் விளிம்பை வெயிலில் பிடித்துப் பார்த்தால் வெள்ளை மயிர்போலச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். அது கண்ணுக்குத் தெரிகிற நார்க்கற்றை. மூச்சில் போய் நுரையீரலின் அடியில் தங்குவது அதைவிடப் பல மடங்கு மெல்லியது, கண்ணுக்கே தெரியாது.

நான் மருத்துவன் இல்லை. வழக்குகளுக்காக நுரையீரல் மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன். ஆஸ்பெஸ்டாஸில் எல்லா வகையுமே புற்றுநோய் தரக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நுரையீரல் புற்று, நுரையீரலைச் சுற்றிய உறையில் வரும் மீசோதெலியோமா, நுரையீரல் இறுகிப்போகும் ஆஸ்பெஸ்டோசிஸ், இவை தெரியவர இருபது முதல் நாற்பது வருடம்கூட ஆகலாம். தரகருக்கான பதில் இதில் இருக்கிறது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று இன்று எண்ணிப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. இந்த அளவுக்குள் இருந்தால் ஆபத்தே இல்லை என்று வகுத்த எல்லையும் கிடையாது. அதே சமயம் ஷீட் ஆலையில் வருடக்கணக்கில் தூசியை மூச்சில் இழுத்தவரையும், முழு ஷீட்டுக்குக் கீழே படுத்துத் தூங்கியவரையும் ஒரே தட்டில் வைக்கவும் கூடாது.

உங்கள் மகளின் வீசிங்கை ஆஸ்பெஸ்டாஸோடு முடிச்சுப் போடாதீர்கள். அது வேறு நோய். அவளைத் தொந்தரவு செய்யக்கூடியவை அந்த வீட்டில் வேறு உண்டு. ஒழுகும் சாய்ப்பில் படிந்த பூஞ்சை, மூடிக் கிடந்த அறையின் தூசி. அவளைப் பார்க்கும் மருத்துவரிடம் அதைக் கேளுங்கள்.

மறைத்தார் என்று வழக்குப் போடலாமா?

போடலாம், ஜெயிக்க மாட்டீர்கள். சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 55. விற்பவர் தனக்குத் தெரிந்த முக்கியமான குறையை வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும் என்கிறது அது. ஆனால் எந்தக் குறையை? வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத குறையை. நீங்கள் மூன்று முறை போய்ப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அலை அலையாகச் சாம்பல் நிறத்தில் தலைக்கு மேல் கிடப்பதை மறைத்துவிட்டார் என்று எந்த நீதிபதியிடம் சொல்வது? ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 19-ம் இதையேதான் சொல்கிறது: சாதாரண முயற்சியில் உண்மை தெரிந்திருக்கும் என்றால், மௌனமாக இருந்தார் என்ற காரணத்தைக் காட்டி ஒப்பந்தத்தைத் தள்ள முடியாது.

'இந்தியாவில் தடை செய்த பொருள்' என்றும் எழுதியிருக்கிறீர்கள். இல்லை. வெள்ளை ஆஸ்பெஸ்டாஸை இறக்குமதி செய்து ஷீட் போட்டு விற்பது இங்கே இன்றும் சட்டப்படி நடக்கிற தொழில். 1995-இல் உச்ச நீதிமன்றம் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் மருத்துவப் பதிவேடுகளை 40 ஆண்டுகள் பாதுகாக்கச் சொன்னது; நோய் எவ்வளவு தாமதமாக வரும் என்பதற்கு இந்த எண்ணே சாட்சி. 2011-இல் முழுத் தடை கேட்டு வந்த வழக்கை அதே நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆகவே சட்டவிரோதமான பொருளை விற்றார் என்ற வாதமும் நிற்காது.

ஆனால் அதே பிரிவு 55 உங்கள் கையில் வேறொன்றைக் கொடுக்கிறது. சொத்தைப் பற்றி வாங்குபவர் கேட்கும் பொருத்தமான கேள்விகளுக்கு விற்பவர் தனக்குத் தெரிந்தவரை பதில் சொல்லியாக வேண்டும். நீங்கள் இதுவரை கேட்கவில்லை. இப்போது கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். ஷீட் எந்த வருடம் போட்டது? நடுவில் மாற்றியதுண்டா? மாற்றிய பழைய ஷீட் எங்கே போயிற்று? மாடி அறையின் தடுப்புப் பலகை என்ன பலகை? செப்டிக் டேங்க்கின் காற்றுக் குழாய், மழைநீர் இறங்கும் குழாய் இவை ஏ.சி. பைப்பா? (அந்தக் காலத்து வீடுகளில் குழாயும் அதன் தலையில் இருக்கும் மூடியும் பெரும்பாலும் அதுதான். கூரையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை.) தடுப்புப் பலகைதான் எனக்குச் சந்தேகம். அதை மட்டும் வேண்டுமானால் ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.

இலவசமாகக் கழற்றித் தருகிறேன் என்றால்

என் கட்சிக்காரர் ஒருவரின் கதையைச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். அவருக்கும் விற்பவர் இதே உதவியைச் செய்தார். மூன்று ஆட்கள், ஒரு காலைப்பொழுது. ஷீட்டைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஜே போல்ட் துருப்பிடித்து மரை கழலவில்லை. யார் உட்கார்ந்து கழற்றிக்கொண்டிருப்பார்கள்? சுத்தியலால் போல்ட்டைச் சுற்றி ஷீட்டை உடைத்தார்கள். மாடியிலிருந்து கொல்லையில் தூக்கிப் போட்டார்கள். முழுசாகத் தப்பியதை மாட்டுக்கொட்டகைக்கு விற்றார்கள். நொறுங்கியது போர்டிகோவுக்கு அடியில் நிரவல் மண்ணாயிற்று. கிரயம் முடிந்து எட்டு மாதம் கழித்து, அவர் மனைவி ரோஜாச் செடி வைக்கத் தோண்டியபோது மண்வெட்டி நுனியில் சாம்பல் நிறச் சில்லுகள் வந்தன. ஒரு சாக்கு முழுக்க. யார் புதைத்தது என்று நிரூபிக்க எங்களிடம் ஒரு காகிதம்கூட இல்லை. வழக்குப் போடவே இல்லை.

அதனால் விற்பவரின் அந்த இலவச உதவியைக் கும்பிடு போட்டு மறுத்துவிடுங்கள். அவருக்கு வேண்டியது கூரை இல்லாத வீடு. உங்களுக்கு வேண்டியது தூசி இல்லாத வீடு. அவர் ஆட்கள் உடைக்கும் தூசி படிவது உங்கள் மகள் விளையாடப் போகும் தரையில்.

உங்கள் கணவரின் ஞாயிற்றுக்கிழமைத் திட்டமும் வேண்டாம். அவர் சிகரெட் பிடிப்பவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். புகையும் ஆஸ்பெஸ்டாஸும் சேர்ந்தால் நுரையீரல் புற்று அபாயம் தனித்தனியாக இருப்பதைவிடப் பல மடங்கு கூடுகிறது. ஆனால் அது இருபது வருடம் கழித்து வரும் கதை. அன்றைக்கே நடக்கக்கூடியது, ஷீட்டில் கால் வைத்ததும் அது நடுவில் விட்டு ஆள் உள்ளே விழுவது. பழைய ஷீட் அப்பளம் மாதிரி. மேலே நடப்பதானால் கீழே இரும்புச் சட்டம் ஓடும் வரிசையில் பலகை போட்டுத்தான் நடக்க வேண்டும், தொழில் தெரிந்தவர்களே தவறி விழுந்திருக்கிறார்கள். ஒரு முழு ஷீட் நாற்பது கிலோவை ஒட்டி வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, பிறகு எப்படித்தான் இறக்குவது? நீங்கள் வாங்கிய பிறகு, உங்கள் மேற்பார்வையில், இந்த வேலை செய்த ஒப்பந்ததாரரை வைத்து. ஷீட்டை முதலில் நீர் தெளித்து நன்றாக நனைக்க வேண்டும். பீய்ச்சி அடிக்கக் கூடாது. போல்ட் கழலாவிட்டால் போல்ட்டைத்தான் வெட்ட வேண்டும், ஷீட்டை அல்ல. ஒவ்வொன்றாக முழுசாகக் கயிற்றில் இறக்கி, கனமான பாலிதீனில் சுற்றி ஒட்ட வேண்டும். ஆட்களுக்கு நுண்தூசியை வடிகட்டும் எஃப்.எஃப்.பி.3 வகை முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். துண்டு கட்டுவதும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் இதற்கு உதவாது. வேலை முடிந்ததும் விளக்குமாறு எடுக்காதீர்கள், ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியையும் மூட்டையில் கட்டுங்கள். வேலை செய்த உடுப்போடு யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. ஆலைத் தொழிலாளியின் உடுப்பைத் துவைத்துக் கொடுத்தே நோய் வாங்கிய மனைவிமார் உண்டு, மருத்துவ நூல்களில் பதிவானது.

கழிவை எங்கே கொடுப்பது என்பதில்தான் நம் ஊரில் முட்டுச்சந்து. குப்பை வண்டியில் ஏற்ற மாட்டார்கள், ஏற்றவும் கூடாது. 2016-ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவு விதிகள் ஆஸ்பெஸ்டாஸ் ஆலைகளின் கழிவைப் பட்டியலிடுகின்றன. இருபது ஷீட் வைத்திருக்கும் ஒரு வீட்டுக்காரர் கையில் கொடுக்க அவற்றில் எளிய வழி ஒன்றும் இல்லை. மாநகராட்சிப் பொறியாளருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் எழுதிக் கேளுங்கள், பதில் வரும்வரை சுற்றிய மூட்டைகள் முழுசாக ஒரு மூலையில் அடுக்கி இருக்கட்டும். பழைய சாமான்காரர் விலைக்குக் கேட்பார். கொடுத்தால் இன்னொரு வீட்டின் கூரையாகவோ ரோட்டுப் பள்ளத்தின் நிரவலாகவோ போகும். எனக்கு மனம் ஒப்பவில்லை.

அவசரமாக இறக்கியே ஆக வேண்டுமா என்றால், இல்லை. விரிசல் இல்லாமல் கெட்டியாக இருக்கும் ஷீட்டைச் சில வருடம் அப்படியே விட்டுவைக்கலாம். பெயின்ட் அடிக்கலாம், ஆனால் பாசியைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டிவிட்டு அடிக்கக் கூடாது; அந்தச் சுரண்டல்தான் கெடுதல். ஃபேனோ விளக்கோ மாட்ட ஷீட்டில் துளை போடாதீர்கள். கூரைத் தண்ணீரை மழைநீர்த் தொட்டி வழியாக நிலத்துக்குள் விடுங்கள், குடிக்கப் பிடிக்காதீர்கள். பின்கட்டுச் சாய்ப்பு வேறு கதை. பக்கத்து வீட்டுத் தென்னையிலிருந்து காய் விழுந்து இரண்டு இடத்தில் ஓட்டை, தார் பூசி அடைத்திருக்கிறது என்கிறீர்கள். அந்த நான்கு ஷீட் முதலில் போகட்டும்.

டியூஷனை ஷீட்டை மாற்றும்வரை கீழேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பெஸ்டாஸை விடுங்கள், மதுரை மே மாதத்தில் மூன்று மணிக்கு அந்த அறையில் நீங்கள் ஒருமுறை பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள்.

முன்பணமும் புது ஒப்பந்தமும்

இப்போது நீங்களாக விலகினால், ஷீட் ஒரு காரணமாகாது. ஒப்பந்தத்தில் முன்பணம் பறிமுதல் என்று எழுதியிருந்தால் அவர் 5 லட்சத்தையும் பிடித்துக்கொள்ளப் பார்ப்பார். நியாயமான அளவுக்குத்தான் பிடிக்கலாம் என்று ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74-ஐக் காட்டி வாதாடலாம், வருடங்கள் போகும். ஆகவே கோபத்தில் 'எங்களுக்கு இந்த வீடு வேண்டாம்' என்று வாட்ஸ்அப்பில் தட்டிவிடாதீர்கள். அவருடைய வக்கீலின் கட்டில் முதல் காகிதமே அதுவாக இருக்கும்.

எனக்குக் கேட்டால், வில்லங்கமும் பட்டாவும் சுத்தமாக இருக்கும்பட்சத்தில் இது விட வேண்டிய வீடு இல்லை, விலை குறைக்க வேண்டிய வீடு. வங்கி மதிப்பீட்டாளர் ஷீட் பகுதிக்குப் பெரும்பாலும் மிகக் குறைவாகத்தான் மதிப்புப் போடுவார். அந்த அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பாதுகாப்பாக இறக்க, புதிதாக உலோக ஷீட் போட, இரண்டுக்கும் ஒப்பந்ததாரரிடம் எழுத்தில் விலைப்புள்ளி வாங்குங்கள். இந்த மூன்று காகிதத்தையும் மேசையில் வைத்துவிட்டு விற்பவரிடம் பேசுங்கள். தம்பியின் வீடியோ காலை அவரிடம் சொல்லாதீர்கள், சிரிப்பார்.

மாடி அறை வரைபட அனுமதியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஷீட்டை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போடும் எண்ணம் இருந்தால் தனியாக அனுமதி வேண்டும், அஸ்திவாரம் தாங்குமா என்று பொறியாளரும் சொல்ல வேண்டும்.

பேசி முடித்ததை ஒப்பந்தத்தில் ஏற்றுங்கள். உங்கள் ஒப்பந்தம் முத்திரைத்தாளில் எழுதியதோடு நிற்கிறது, பதிவாகவில்லை. 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். குறைத்த விலையோடு புதிதாக எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். அதில் இந்த வாசகம் இருக்கட்டும் (முதல் நபர் என்பது விற்பவர்):

"மேற்படி சொத்தின் மாடியிலும் பின்கட்டிலும் உள்ள கல்நார் சிமென்ட் ஷீட் கூரையையும் குழாய்களையும், கிரயம் முடிந்து சுவாதீனம் ஒப்படைக்கும்வரை, எங்களில் முதல் நபரோ அவரைச் சார்ந்த எவருமோ கழற்றவோ உடைக்கவோ துளையிடவோ கூடாது. மேற்படி சொத்தின் காலி இடத்திலோ தரைக்கு அடியிலோ கல்நார் ஷீட் துண்டுகள் எவையும் புதைக்கப்படவில்லை என்று எங்களில் முதல் நபர் உறுதி கூறுகிறார்."

இரண்டாவது வாக்கியத்தைப் படித்ததும் அவர் முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். கையெழுத்துப் போடத் தயங்கினால் கொல்லையில் நாலு இடத்தில் தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒப்பந்தத்தின் முதல் இரண்டு பக்கத்தைத்தான் அனுப்பியிருக்கிறீர்கள். முன்பணம் பறிமுதல் பற்றிய வாசகம் மூன்றாம் பக்கத்தில் இருக்க வேண்டும். அதையும் அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை விற்பவரின் ஆள் அந்த வீட்டில் ஏணி சாத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்கு இன்றைக்கே ஒரு வரி அனுப்பிவிடலாம்: 'ஷீட்டை இப்போது தொட வேண்டாம் ஐயா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.'